உதிர்ந்த கொம்பு யாருடையது?



இந்த மாதம் நான் எழுதப்போவது ஒரு சின்னக் காரியம். சிலருக்குச் சிரிப்புக்கூட வரலாம். ஆனாலும் இந்தச் சின்னக் காரியம் ஒரு ராத்திரி முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை. ஆகையால் மறைக்காமல் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பங்குனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கலைந்து போய்விட்டார்கள். நம் சபையிலுள்ள ஒரு வாலிபச் சகோதரன் மாத்திரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். பெயர் வேண்டாம். மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பில் காவல் வேலை பார்க்கிறவன். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் உண்டு.

"அண்ணாச்சி, ஒரு காரியம் கேக்கணும். கீழ கெடந்தத எடுத்தா அது திருட்டா?"

"என்ன கெடந்துச்சு? ரூபாயா?"

"இல்ல அண்ணாச்சி. மிளாக் கொம்பு."

நம் பக்கத்தில் மிளா என்று சொல்லுகிறோமே, அதைத்தான் மற்ற ஜில்லாக்காரர்கள் கடமான் என்கிறார்கள். நம் தேசத்து மான்களிலேயே பெரியது அதுதான். வளர்ந்த ஆண் மிளா இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கும். கோடையில் மேலே தண்ணீர் வற்றினால் ராத்திரியில் தோப்புகள் வரைக்கும் இறங்கி வரும். வியாழக்கிழமை காலையில் இவன் வேலி பார்க்கப் போனபோது, ஓடைக்கரையில் ஒற்றைக் கொம்பு கிடந்திருக்கிறது. மூன்று கிளை. அவன் கை நீளம். சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டான். எப்படியோ செய்தி தெரிந்து, அன்று சாயங்காலமே ஒருவன் வீடு தேடி வந்து நாலாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறான். திங்கட்கிழமை இவன் மனைவி மகளிர் குழுவில் கட்டவேண்டிய தவணையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

"நான் வேட்டைக்குப் போகல அண்ணாச்சி. கண்ணி வைக்கல. அதுவா விழுந்தது. அங்கனயே கெடந்தா மக்கித்தான போகும்? இதுல ஆருக்கு நஷ்டம்? ஜெபத்துக்குப் பதிலா வந்துதுன்னு என் வீட்டுக்காரி சொல்லுதா. எனக்குத்தான் மனசு ஒப்பல."

பிரியமானவர்களே, வேறு யார் வீட்டுக் காரியமாயிருந்தாலும் அந்த இடத்திலேயே ஒரு புத்திமதி சொல்லி, ஜெபம்பண்ணி அனுப்பியிருப்பேன். அன்றைக்கு என் வாய் கட்டப்பட்டதுபோல் ஆகிவிட்டது. "நாளைக்குக் காலையில சொல்லுதேன், நீ போ" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை முதலில் அறிக்கைசெய்ய வேண்டும்.

என் வீட்டுப் பரண்

என் தகப்பனார் விறகுச் சுமை தூக்கிப் பிழைத்தவர். எழுபதுகளில், நான் மேலகரத்தில் ஆறாம் வகுப்பு படித்த காலத்தில், விடியுமுன்னே மலையேறிப் பத்து மணிக்குச் சுமையோடு இறங்குவார். குற்றாலத்துக்குச் சாரல் காலத்தில் வருகிறவர்கள் பேரருவியையும் ஐந்தருவியையும் பச்சை மலையையும்தான் பார்க்கிறார்கள். பங்குனி சித்திரையில் அந்த மலை வேறு முகம் காட்டும். சிற்றாறு நூலாக ஓடும். சருகு முழங்கால்மட்டும் கிடக்கும். அந்த மாதங்களில்தான் மிளா பெரும்பாலும் கொம்பு உதிர்க்கும். சருகுக்குள் வெளுத்த கிளைபோல் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே அப்பா நடப்பார். விடுமுறையில் நானும் கூடப் போவேன். எனக்கு அது விளையாட்டு. அப்பாவுக்கு அது ஒரு நாள் கூலிக்குமேல்.

கிடைத்ததைச் சந்தைக்கு வரும் ஒரு வியாபாரி வாங்கிக்கொள்வார். கத்திப் பிடிக்கும் பொத்தானுக்கும் போகும் என்பார். நாட்டு மருந்துக்காரர்களும் கேட்பார்கள். சித்த வைத்தியத்தில் சிருங்கி பற்பம் என்பது மான்கொம்பைப் புடம்போட்டுச் செய்வதுதான். வலிக்கும் வீக்கத்துக்கும் கொம்பைக் கல்லில் இழைத்துப் பற்றுப் போடுவதும் நம் பாட்டிமார் செய்ததுதான். ஒரு வருஷம் கொம்பு விற்ற காசில் எனக்குப் பள்ளிக்கூடச் சட்டையும் ஜியாமெட்ரி பாக்ஸும் வந்தது. அதை நான் இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

ஒரே ஒரு கொம்பை மட்டும் அப்பா விற்கவில்லை. ஒரு பலகையில் அடித்துச் சுவரில் மாட்டினார். அவர் சட்டை அதில் தொங்கியது. அவர் காலத்துக்குப் பிறகு என் சட்டை தொங்கியது. நான் இரட்சிக்கப்பட்டு சபைக்கு வரத் தொடங்கினபிறகு என் வேதாகமப் பை அதிலேதான் தொங்கியது. ஒரு குற்ற உணர்வும் இல்லை. பிறகு ஒரு நாள், வீட்டில் மான்கொம்பு வைத்திருந்த ஒருவர்மேல் வழக்கு என்று பேப்பரில் வாசித்தேன். அன்று ராத்திரியே அதைக் கழற்றி, பழைய வேட்டியில் சுற்றி, பரணில் ஏற்றிவிட்டேன். சுவரில் ஆணி மாத்திரம் மிஞ்சியது.

தப்பில்லை என்று நிச்சயமாயிருந்தால் ஏன் பரணில் ஏற்றினேன்? தப்பு என்று தெரிந்திருந்தால் ஏன் வெளியே கொண்டுபோகவில்லை? ஆகான் தன் கூடாரத்துக்குள் புதைத்து வைத்ததைக் குறித்து இதே சபையில் நான் இரண்டுமுறை பேசியிருக்கிறேன். பேசிவிட்டுப் போய் அந்தப் பரணுக்குக் கீழேதான் படுத்தேன். அந்த வாலிபனுக்கு நான் உடனே பதில் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

கொம்பு என்றால் என்ன?

ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள கொம்பு வேறு, மானுக்குள்ள கொம்பு வேறு. மாட்டின் கொம்பு ஆயுசுக்கும் ஒன்றே. மிளா, புள்ளிமான் இவற்றின் கொம்பு முழுவதும் எலும்பு; அது விழுந்து விழுந்து முளைக்கும். ஆணுக்குத்தான் உண்டு. முளைக்கும்போது மெல்லிய ரோமத்தோல் மூடி, உள்ளே ரத்தம் ஓடும். சில மாதத்துக்குள் அவ்வளவு எலும்பு வளரவேண்டுமே, தின்கிற தழை போதாமல் தன் விலா எலும்பிலிருந்தே சுண்ணாம்புச் சத்தை இழுத்து அது கொம்புக்குக் கொடுக்கிறது. முற்றினபிறகு தோல் காய்ந்து உரிந்துவிடும். இணைசேரும் காலமும் ஆண்களுக்குள் சண்டையும் முடிந்தபின் அடிப்பாகம் தானாக இளகி, கொம்பு கழன்று விழுந்துவிடும்.

அப்படி விழுந்ததும் வீணாகக் கிடப்பதில்லை. முள்ளம்பன்றி அதைத் தேடி வந்து கரம்பும். எலி, அணில் கொறிக்கும். சில வேளை மானே வந்து கடித்துச் சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சம் மண்ணுக்குப் போகும். "மக்கித்தான போகும்" என்று நாம் லேசாகச் சொல்லுகிறோம். மக்குவது என்றால் நமக்கு உபயோகமில்லை என்று அர்த்தமே தவிர, ஒருவருக்கும் உபயோகமில்லை என்று அர்த்தமல்ல.

சட்டம் சொல்லுவது

1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தோல், பல், நகம் இவற்றோடு மான்கொம்பையும் சேர்த்தே சொல்லுகிறது. அனுமதியில்லாமல் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. உதிர்ந்த கொம்பையும் வனத்துறையார் அரசாங்கச் சொத்தாகவே எடுத்துக்கொள்ளுகிறார்கள். அப்படிப்பட்ட சொத்து எந்த விதத்தில் ஒருவன் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்கவேண்டும் என்று 39ஆம் பிரிவில் இருக்கிறது. மீறினால் மூன்று வருஷம் வரை, சில இனங்களுக்கு ஏழு வருஷம் வரை சிறைத்தண்டனை உண்டு. மலைவாழ் ஜனங்களுக்கு உரிமை கொடுத்த 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டமும் தேன், மெழுகு, கிழங்கு, மூலிகை இவற்றை எடுக்க இடங்கொடுத்தது. மிருகத்தின் உறுப்பை எடுக்க இடங்கொடுக்கவில்லை.

இதெல்லாம் எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் அந்த வாலிபன் என்னிடம் கேட்டது சட்டமல்ல. "திருட்டா?" என்று கேட்டான். சட்டவிரோதமானதெல்லாம் பாவமா? சட்டம் பிடிக்காததெல்லாம் நீதியா? வக்கீலிடம் போனால் உதிர்ந்த கொம்புக்காக வாதாட ஒரு சந்து கிடைத்தாலும் கிடைக்கும். மனச்சாட்சிக்கு அந்தச் சந்து போதாது. அன்று ராத்திரி பாயில் கிடந்து என் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அவன் வாதங்களும் என் வாதங்களும் ஒன்றுதான்.

முதலாவது வாதம்: ஒருவருக்கும் நஷ்டமில்லை

மிளா கொம்பை உதறிவிட்டுப் போய்விட்டது. அதற்கு வேண்டாம். காயமில்லை, கொலையில்லை. இதுவரைக்கும் உண்மைதான். ஆனால் கொம்பு என் கையில் நின்றுவிடுவதில்லையே! நாலாயிரம் கொடுக்கிறவன் அதை என்ன செய்வான்?

உதிர்ந்த கொம்புக்கு அடையாளம் உண்டு. அடிப்பாகம் முரடாக, குமிழ்போல் உருண்டிருக்கும். சுட்டுக் கொன்ற மானின் கொம்பில் மண்டை எலும்பு ஒட்டியிருக்கும், அல்லது அறுத்த தடம் இருக்கும். இரண்டையும் துண்டுபோட்டுப் பிடியாகக் கடைந்துவிட்டால் எது உதிர்ந்தது, எது கொன்று எடுத்தது என்று சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. அங்கேதான் காரியம் இருக்கிறது. கொலைகாரனுக்கு நல்லவனுடைய சரக்கு தேவைப்படுகிறது. "எல்லாம் காட்டில் பொறுக்கினதுதான்" என்று அவன் சொல்லவேண்டுமானால், மெய்யாகவே பொறுக்குகிற நாலு பேர் அவனுக்கு வேண்டும். நான் சுத்தமான கையோடு விற்கிற கொம்பு அவனுடைய அசுத்தமான மூட்டைக்கு மேல்துணியாகிறது.

இன்னொன்றும் உண்டு. விழுந்த கொம்புக்கு விலை வைத்தால், நிற்கிற மிளாவின் தலையிலும் அதே விலை எழுதப்பட்டுவிடுகிறது. பொறுமையுள்ளவன் கோடைவரை காத்திருப்பான். பொறுமையில்லாதவன் துப்பாக்கி எடுப்பான். இன்னும் சிலர் சருகு மறைக்கிறதென்று காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைக்கிறார்கள்; எரிந்தபின் கொம்பு கண்ணுக்குத் தெரியுமாம். ஒரு கொம்புக்காக எத்தனை கூடு, எத்தனை குஞ்சு! என் தகப்பனார் தீக்குச்சி உரசினதில்லை. ஆனாலும் அவரிடம் வாங்கின வியாபாரி வேறு யாரிடமெல்லாம் வாங்கினார் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டாவது வாதம்: மயில்தோகை மட்டும் விற்கலாமா?

இது நல்ல கேள்வி. மயில் 1963ஆம் வருஷத்திலிருந்து நம் தேசியப் பறவை. ஆனாலும் தோகை இறகுக்கு மாத்திரம் விற்பனைத் தடையிலிருந்து சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. திருவிழாக் கடைகளில் கட்டுக்கட்டாகத் தொங்குகிறதைப் பார்க்கிறோம். உதிர்ந்த இறகுக்கு ஒரு நியாயம், உதிர்ந்த கொம்புக்கு ஒரு நியாயமா?

என் புத்திக்கு எட்டினதைச் சொல்லுகிறேன். இறகை முழுசாகத்தான் விற்கிறார்கள். உயிரோடு பிடுங்கினதென்றால் அடித்தண்டில் ரத்தக்கறை இருக்கும் என்கிறார்கள். அடியை நறுக்கிவிட்டு விற்கிறார்கள் என்ற சந்தேகமும் இருக்கிறது. அப்படியானால் விலக்கு இருக்கிறது என்பதாலேயே எல்லா இறகும் சுத்தம் என்று சொல்லமுடியாது. ஒன்றில் சட்டம் தளர்ந்திருக்கிறதென்றால், அதில் என் மனச்சாட்சி இன்னும் இறுகவேண்டுமே தவிர, மற்றதையும் தளர்த்த அது சாக்காகாது.

மூன்றாவது வாதம்: வேறு தேசத்தில் எடுக்கிறார்களே

என் தங்கை மகன் அமெரிக்காவில் இருக்கிறான். வயோமிங் மாநிலத்தில் ஜாக்சன் என்ற ஊருக்குப் போனபோது எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். ஊர் நடுவிலுள்ள பூங்காவின் நாலு மூலையிலும் மான்கொம்பை அடுக்கியே வளைவு கட்டியிருக்கிறார்கள். அந்த ஊருக்குப் பக்கத்தில் எல்க் என்கிற பெரிய மானுக்காக 1912ல் ஏற்பட்ட சரணாலயம் இருக்கிறது. பனிக்காலத்தில் ஆயிரக்கணக்கில் மான்கள் வந்து தங்கி, கொம்பு உதிர்த்துவிட்டுப் போகும். வசந்தகாலத்தில் சாரணச் சிறுவர்கள் உள்ளே போய்ப் பொறுக்கி, மே மாதத்தில் பட்டப்பகலில் ஏலம் விடுகிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலாக இது நடக்கிறது. "மாமா, இங்க இது பண்டிகை மாதிரி" என்று எழுதியிருந்தான். அங்கே புண்ணியம், இங்கே பாவமா? பாவம் பாஸ்போர்ட் பார்த்து மாறுமா?

மறுபடியும் அவனிடம் விவரம் கேட்டேன். ஏலத்தில் வருகிற பணத்தில் முக்கால்வாசி அந்தச் சரணாலயத்துக்கே, மான்களின் பராமரிப்புக்கே திரும்பிப் போகிறது. அந்த மாநிலத்தின் பல பகுதிகளிலுள்ள பொதுக்காடுகளில் ஜனவரி தொடங்கி மே மாதம் பிறக்கும்வரை ஒருவரும் கொம்பு பொறுக்கக் கூடாது. காரணம் என்ன தெரியுமா? பனிக்காலம் முழுவதும் பட்டினியாய்க் கிடந்த மான், கொம்பு பொறுக்க வருகிறவனைக் கண்டு ஓடினால் உள்ள பெலனும் போய்ச் செத்துவிடுமாம். எனவே அங்கேயும் "விழுந்ததுதானே" என்று யாரும் தன் இஷ்டத்துக்குப் போவதில்லை. முதலில் மிருகம், பிறகுதான் கொம்பு. சட்டம் தேசத்துக்குத் தேசம் வேறு. அடியிலிருக்கிற நியாயம் ஒன்றே. என் லாபத்துக்காக வாயில்லாத ஜீவனுக்கு நான் ஆபத்தாகக் கூடாது.

நாலாவது வாதம்: ஒப்படைத்தால் என்ன ஆகும்? எரிப்பார்கள்!

இதுவும் என் மனதில் வந்தது. ஏழையின் வீட்டுக்கு உதவாமல் அரசாங்கம் பூட்டி வைக்கும், அல்லது எரிக்கும். 2021 செப்டம்பர் மாதம் அஸ்ஸாமில் 2,479 காண்டாமிருகக் கொம்புகளை அரசாங்கமே அடுக்கிக் கொளுத்தியது. அப்போது எனக்குக் கோபம் வந்தது. எத்தனை கோடி! ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர்கள் கொளுத்தினது கொம்பை மாத்திரமல்ல. "இதற்கு விலை உண்டு" என்ற எண்ணத்தையும் சேர்த்துக் கொளுத்தினார்கள். விலை இருக்கிறவரைக்கும் அதைச் சுமக்கிற மிருகம் உயிரோடு திரியமுடியாது.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். வழிதப்பி வந்த அடுத்தவன் மாட்டைக் கண்டால் ஒதுங்கிப் போகாமல் அவனிடம் சேர்க்கவேண்டும். ஆள் யாரென்று தெரியாவிட்டால் அவன் தேடி வரும்வரைக்கும் பத்திரப்படுத்தவேண்டும் என்று அங்கே கட்டளை இருக்கிறது. கண்டெடுத்தவனுக்கே சொந்தம் என்று அதில் இல்லை. அதே அதிகாரத்தில் சில வசனம் தள்ளி, பறவைக் கூட்டைக் கண்டால் தாய்ப்பறவையை எடுக்கக்கூடாது, அதைப் போகவிடவேண்டும் என்ற கட்டளையும் இருக்கிறது. எத்தனையோ தடவை வாசித்த அதிகாரம். இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

விடியற்காலம்

விடியற்காலம் நாலு மணிக்கு ஒரு காரியம் நெஞ்சில் அடித்தது. அவன் கொம்பை எடுத்தது வியாழக்கிழமை காலை. 48 மணி நேரம் என்றால் சனிக்கிழமை காலையோடு முடிகிறது! நான் என் மானத்தைக் காப்பாற்ற "நாளைக்குச் சொல்லுதேன்" என்று ஒரு ராத்திரியைத் தள்ளிப்போட்டேன். என்னுடைய ஒளிப்பு இன்னொருவனைக் குற்றவாளியாக்கப் பார்த்தது. மறைத்து வைத்த காரியம் பரணிலேயே சும்மா இருக்காது, பிரியமானவர்களே.

ஏணி போட்டு ஏறி, அந்த வேட்டி மூட்டையை இறக்கினேன். என் மனைவி எழுந்து வந்து பார்த்தாள். "இப்பவாவது எறக்கினீங்களே" என்றாள், அவ்வளவுதான். ஆறு மணிக்கு அந்தத் தம்பி வந்தான். என் கையிலிருந்ததைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, உங்க வீட்லயுமா?"

"ஆமா தம்பி. ஓங்கிட்ட ரெண்டு நாளா இருக்கு. எங்கிட்ட அம்பது வருசமா இருக்கு. வா, சேந்தே போவோம்."

வனத்துறையாரிடம் இரண்டையும் வைத்தோம். அவன் கொம்பின் அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டு, உதிர்ந்ததுதான் என்று சொல்லி, எங்கே எப்போது கண்டான் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். என்னுடையது அப்படி முடியவில்லை. மகஜர் எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள். "இத்தனை வருஷம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடத்தில் பதிலில்லை. விசாரணைக்குக் கூப்பிடுவோம் என்றார்கள். இதை எழுதுகிற நாள்வரைக்கும் முடிவு வரவில்லை. அபராதமோ வேறெதுவோ, வரட்டும். பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பரணுக்குக் கீழே இப்போது தூக்கம் வருகிறது.

சபையாருக்கு ஒரு வார்த்தை

இங்கே நிறுத்திவிட்டால் இது பாதிச் சாட்சிதான். திரும்பி வரும் வழியில் தம்பி ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸைவிட்டு இறங்கும்போது மட்டும், "நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி. ஆனா திங்கக்கெழம வருதே" என்றான்.

எனக்குப் பென்ஷன் வருகிறது. நான் ஒப்படைத்தது ஒரு பழைய கொம்பு. அது போனால் என் வீட்டில் அடுப்பு அணையாது. அவன் ஒப்படைத்தது ஒரு மாதத் தவணை. நீதியாயிரு என்று சொல்லுவது எனக்கு இலவசம்; நீதியாயிருப்பது அவனுக்கு நாலாயிரம் ரூபாய். வயிறு நிறைந்தவன் வயிறு காய்ந்தவனுக்குக் காட்டைப்பற்றிப் போதித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால், அந்தப் போதகம் அரைகுறை. என் தகப்பனார் கொம்பு தேடினது ஆசையினால் அல்ல, ஒரு நாள் கூலி போதாததினால். அன்றைக்கு அவர் சுமையில் கைகொடுக்க யாராவது இருந்திருந்தால் அவர் சருகைக் கிளறியிருக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு நாங்கள் நாலு பேர் சத்தமில்லாமல் அந்தத் தவணையைப் பகிர்ந்துகொண்டோம். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. "விட்டுவிடு" என்று ஒருவனுக்குச் சொல்லுகிற வாய்க்கு, அவன் விட்டதின் பாரத்தில் ஒரு பங்கும் உண்டு என்பதற்காக எழுதுகிறேன்.

சரி, "திருட்டா?" என்று கேட்டானே, அதற்கு என் பதில் என்ன? கண்டவுடனே குனிந்து எடுத்த அந்தக் கணத்தில் அவன் திருடனல்ல. எடுத்தபின் சாக்கில் சுற்றின இடத்திலேதான் காரியம் திரும்புகிறது. ஒரு பொருள் என் கைக்கு எப்படி வந்தது என்று மாத்திரம் நாம் பார்க்கிறோம். என் கையைவிட்டு அது எங்கே போகிறது, யாருக்கு மறைவாகிறது, யார் தலைக்கு விலையாகிறது என்றும் பார்க்கவேண்டும். காடும் அதிலுள்ளதும் சிருஷ்டித்தவருக்குச் சொந்தம் என்று நாம் பாடுகிறோமே. அப்படியானால் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று ஒரு பொருளும் அங்கே கிடையாது.

நம்முடைய மலை தனி மலையல்ல. தெற்கே 1988ல் ஏற்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், வடக்கே 2021ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைக் காப்பகம். நடுவிலேதான் நாம் குடியிருக்கிறோம். புலிக்கு மிளா ஆகாரம். மிளாவுக்குக் காடு ஆகாரம். காட்டினால் சிற்றாற்றில் தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் நம் வயலும் குழாயும்.

சித்திரை கடைசியில் தம்பியை மறுபடியும் பார்த்தேன். சிரித்துக்கொண்டே வந்தான்.

"அண்ணாச்சி, ஜோடிக் கொம்பு கெடக்கு. ஓடைக்கு அந்தாண்ட, காட்டுக்குள்ள. வேலிப்பக்கம் நின்னு பாத்தாலே தெரியுது."

"என்ன செஞ்ச?"

"தொடல. காவலுக்கு வாற வனத்துறைக்காரர்ட்ட மட்டும் சொன்னேன். அது கெடந்த எடத்துலயே கெடக்கட்டும்னுட்டார். இப்ப பாத்தா ஒரு கிளையில பாதி இல்ல. முள்ளம்பன்றி கரம்பிருக்கு. பல்லுத்தடம் அப்படியே இருக்கு."

என் வீட்டுச் சுவரில் அந்தப் பழைய ஆணி இன்னும் இருக்கிறது. வேதாகமப் பையை இப்போது அந்த ஆணியிலேயே மாட்டுகிறேன். பை கனம் தாங்க ஆணி போதும்.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் ஒரு பரண் இருக்கலாம். அதிலே இருப்பது கொம்பாக இருக்கவேண்டிய அவசியமில்லை. தெருவில் கண்டெடுத்து யாரிடமும் சொல்லாத பொருளாயிருக்கலாம். ஆள் கேட்கவில்லை என்று திருப்பிக் கொடுக்காத பணமாயிருக்கலாம். பங்காளிக்குச் சேரவேண்டிய ஒரு முழம் நிலமாயிருக்கலாம். ஏணியைத் தேடுங்கள். ஒற்றையாய் இறக்கப் பயமாயிருந்தால் ஒரு சகோதரனைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் நானும் வருவேன்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.